அதிகம் குளிர்ந்துபோன பெட்டி

போன மாதம் எங்கள் பழைய கிடங்கிலிருந்து போன் வந்தது. புதுத் தடுப்பூசிப் பெட்டிகள் வந்திருக்கின்றன, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றுப் போனவனைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் காட்டுகிறார்கள் என்றால், பெட்டி விஷயத்தில் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்திருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் புனே ஊரில் இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கைக்குழந்தையில் போட்ட மருந்து என் கையால் கட்டின பெட்டியில் போனதுதான். எண்ணிப் பார்க்க ஆளில்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

புதுப் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. உள்ளே சூடு ஏறினாலும் சரி, குளிர் கூடிப்போனாலும் சரி, உடனே போனுக்குச் செய்தி வந்துவிடுமாம். சுற்றிலும் புதிதாக வேலைக்கு வந்த நர்சுகள் நின்றார்கள். அவர்களுக்குப் பாடம் எடுப்பவர் சுனந்தா சிஸ்டர். என்னோடு பல வருடம் வேலை பார்த்த மராட்டிப் பெண். நர்சுகளில் ஒருத்தி இந்தியில் கேட்டாள்: "அங்கிள், உங்க காலத்துல இதெல்லாம் இல்லையே. உங்க பெட்டி எப்பவாவது ஃபெயில் ஆயிருக்கா?"

"என் பெட்டியா? கபி நஹி" என்றேன். ஒருபோதும் இல்லை என்று அர்த்தம்.

எல்லோரும் கை தட்டினார்கள். சுனந்தா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீயை ஊற்றிக் கையில் கொடுத்தார். கட்கிக்கு பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அந்தப் பார்வை என்னோடு வந்தது. நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி, அந்தப் பொய்யைத் திருத்தியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்பு ஃபெயில். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். படிப்பு ஏறாத பிள்ளையை அவர் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்த்துவிட்டார். ஆறு வருடம் பாளம் பாளமாக ஐஸ் தூக்கினேன். மீன் வியாபாரி, கல்யாண வீடு, சோடாக் கடை என்று எல்லோருக்கும் ஐஸ் போட்டவன் நான். ஒரு பாளத்தைத் தொட்டாலே எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமையைக் கேள்விப்பட்டுத்தான் தடுப்பூசிக் கிடங்கில் சுமை தூக்க எடுத்தார்கள். மூன்றே வருடத்தில் மூட்டை தூக்குவதிலிருந்து பெட்டி கட்டுவதற்கு வந்துவிட்டேன். பி.எஸ்ஸி. படித்தவர்கள் இரண்டு பேர் அந்த வேலைக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் டாக்டர் லிமயே மேடம், கிடங்கின் பொறுப்பு அதிகாரி. ஒல்லியான அம்மாள். பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. காலையில் வந்தவுடன் வணக்கம் சொல்ல மாட்டார், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். வாசலில் நின்றபடி "கிதி?" என்பார். மராட்டியில் "எவ்வளவு" என்று அர்த்தம். மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று கேட்கிறார். இரண்டுக்கு மேல், எட்டுக்குள் இருக்க வேண்டும். "நாலு மேடம்" என்றால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். நான் சொன்னதை நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து வந்து அவரே மூடியைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார். முதல் வருடம் எனக்கு அது அவமானமாக இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் மராட்டியில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், நான் பொய் சொல்வேன்னு நெனைக்கிறீங்களா?"

"உங்களை நான் எதுக்குச் சந்தேகப்படணும், முர்கேஷ்? தெர்மாமீட்டர் ஒருவேளை உங்ககிட்ட பொய் சொல்லியிருந்தா?"

என் பெயர் முருகேசன். அவர் வாயில் கடைசிவரை முர்கேஷ்தான்.

அந்த வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மேலே படித்தால் விளங்காது. நர்சுகள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் நீலப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நான்கு பக்கச் சுவருக்கும் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒவ்வொன்று. ஐஸ் பேக் என்போம். நடுவில் மருந்துக் குப்பிகள், ஒரு பிளாஸ்டிக் பைக்குள். ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் உள்ளே வைக்கக் கூடாது. அப்போது அது கல்லைவிடக் கெட்டி, மேலே வெள்ளையாக உறைபனி படர்ந்திருக்கும். மேசைமேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைக்க வேண்டும். உறைபனி கரைந்து டப்பாவுக்கு வேர்க்கும். பிறகு ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்க வேண்டும். உள்ளே களக் களக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகலாம். வெயில் காலத்தில் அரை மணி, குளிர் காலத்தில் ஒரு மணிக்கு மேல்கூட ஆகும்.

ஐஸ் கம்பெனிக்காரனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. நல்ல கெட்டி ஐஸைக் கரையவிட்டு வைப்பதா? மேடம் ஒரு குப்பியைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உள்ளே மோர் மாதிரி கலங்கலாக இருந்தது. "சூடு பட்டா இந்த மருந்து மெதுவா சாகும். உறைஞ்சா அப்பவே செத்துடும். சூடு பட்டதைக் குப்பி மேல இருக்கிற அடையாளம் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துடும். உறைஞ்சதை அது காட்டாது. அதனால நீங்கதான் காட்டிக் கொடுக்கணும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவையும் குலுக்கித்தான் வைத்தேன். என் காதுக்குத் தெரிந்த சத்தம் எந்தக் கருவிக்கும் தெரியாது என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஐந்து நோய்க்கும் ஒரே ஊசி வந்தது. அதுவரை தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்கும் ஒரு ஊசி, மஞ்சள் காமாலைக்குத் தனி ஊசி. ஐந்தாவதாக, குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவரும் ஒரு கிருமிக்கும் சேர்த்து எல்லாம் ஒரே குப்பியில் வந்தது. ஒன்றரை மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் நாலு நாலு வாரம் விட்டு இன்னும் இரண்டு. குழந்தைக்குக் குத்து குறைந்தது. ஆனால் தாய்மார்களுக்குப் பயம் கூடியது. ஐந்து மருந்தை ஒரே நேரத்தில் அந்தப் பிஞ்சு உடம்பு தாங்குமா என்று கேட்காத வீடு இல்லை.

அந்தப் பயம்தான் என்னைச் சாங்வியில் ஒரு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒரு மார்ச் மாதம் சாங்வி முகாமில் முதல் ஊசி போட்ட ஒரு குழந்தைக்கு அன்றைக்கே காய்ச்சல். தொடை சிவந்து வீங்கிவிட்டது. மூன்று மணி நேரம் விடாமல் அழுதிருக்கிறது. மேடமே நேரில் போய்ப் பார்த்தார். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் குழந்தையின் அம்மா இரண்டாவது ஊசிக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அவளைப் பார்த்து அந்தக் குடியிருப்பில் இன்னும் நாலைந்து பேரும் தயங்கினார்கள். தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் மேடம் என்னைக் கூட அழைத்தார்.

அம்மாவின் பெயர் கோமதி, கோயம்புத்தூர்க்காரி. கணவர் பிரபு, சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். குழந்தை யாழினி, தலை நிறைய முடி. கோமதி எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. ஊசியே வேண்டாம்னு சொல்றவ இல்லீங்க நான். தனித்தனியா போட்டா போட்டுக்கறனுங்க. அஞ்சையும் ஒண்ணாக் கலந்து குத்துனா அது என்னாகும் பாவம்?"

நான் மராட்டியில் சொல்ல, மேடம் பதில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். மேடத்துக்கு அவசரமே கிடையாது. ஐந்தையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கியது அல்ல, சேர்ந்து ஒத்துப்போகும்படியே செய்து, சேர்த்தேதான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார். காய்ச்சலும் வீக்கமும் வரும், அது எதிர்பார்த்ததுதான், நீண்ட அழுகைகூட சில குழந்தைகளுக்கு வரும் என்றார். வலிப்பு வந்திருந்தாலோ மூச்சுத் திணறியிருந்தாலோ நானே அடுத்த ஊசியை நிறுத்தி யோசித்திருப்பேன் என்றும் சொன்னார். "ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் மறுபடியும் வரலாம். கக்குவான் இருமல் வந்த கைக்குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால போடச் சொல்றேன்."

பிரபு போனைத் தட்டிக்கொண்டே, "மேடம் சொல்றது சரி. ஆனா மருந்து அவங்க கையில இருந்து இங்க வர்றதுக்குள்ள வெயில்ல கெட்டிருந்தா? அதனாலகூட வீங்கியிருக்கலாம் இல்லீங்களா?" என்றார்.

இதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. நேராக நானே பதில் சொன்னேன்.

"இன்னா சார் அப்படிச் சொல்லிட்டீங்க? பெட்டி கட்டறது நானு. ஐஸ்லயே பொறந்து வளர்ந்தவன். என் பெட்டியில இதுவரைக்கும் ஒரு குப்பி கெட்டதில்ல. இந்தக் குழந்தைக்குப் போற பெட்டிய நானே கட்டறேன், என் பேர்ல கட்டறேன். போதுமா?"

கோமதி கணவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "டாக்டரம்மா சொல்றது எனக்குப் பாதிதான் புரியுது. நீங்க இவ்ளோ தைரியமாச் சொல்றீங்க. உங்க பேச்ச நம்பி வர்றனுங்கண்ணா."

படி இறங்கும்போது மேடம் கேட்டார், "கடைசியில என்ன சொன்னீங்க? முகம் அப்படி மலர்ந்திருந்ததே."

"பெட்டி நல்லா இருக்கும்னு சொன்னேன் மேடம்."

"அவ்வளவுதானா?"

"கொஞ்சம் நீளமாச் சொன்னேன்."

அடுத்த முகாம் வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் கிடங்கில் கரண்டும் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். மேசைமேல் ஐஸ் பேக்குகளைப் பரப்பினேன். சாங்வி பெட்டி மட்டும் என் கண் முன்னால் நின்றது. பிரபு சொன்னது காதுக்குள் ஓடியது: வெயில்ல கெட்டிருந்தா? அந்த நிமிடம் கிடங்கு ஊழியன் முருகேசன் எங்கேயோ போய்விட்டான், ஐஸ் கம்பெனி முருகேசன் வந்துவிட்டான். மீன் கூடைக்கு ஐஸ் போட்ட புத்தி. கெட்டியாக இருந்தால்தான் மாலைவரை தாங்கும், இன்றைக்கு இந்தப் பெட்டிக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வேர்த்துக்கொண்டிருந்த டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, உறைபெட்டியைத் திறந்து புதிதாக நாலு எடுத்தேன். வெள்ளையாகப் புகை விட்டது. குலுக்கவில்லை. குலுக்கியிருந்தாலும் சத்தம் வந்திருக்காது. வைத்து மூடிப் பட்டையை இழுத்துக் கட்டினேன். அவ்வளவு கச்சிதமாக ஒரு பெட்டியை நான் கட்டியதே இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நாலரைக்குப் பெட்டி திரும்பியது. கொண்டுவந்தவர் சுனந்தா சிஸ்டர். அப்போது அவர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சின்னப் பெண். முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரிப்பு.

"முர்கேஷ் காகா, இன்னிக்கு உங்க பெட்டி சூப்பர். அந்த வெயில்லயும் கை மரத்துப்போச்சு. முதல் குப்பிய எடுத்தப்போ ஓரத்துல சுரண்டின ஐஸ் மாதிரிகூட இருந்தது. கையில மூடி வெச்சிருந்தேன், கரைஞ்சிடுச்சு. பதினோரு குழந்தை. உங்க தமிழ் அம்மாவும் வந்தாங்க."

என்னை யாரும் அதுவரை அப்படிப் பாராட்டியதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திறந்தேன். நாலு டப்பாவில் இரண்டு இன்னும் முக்கால்வாசி கல்லாகவே இருந்தது. மிச்சம் வந்தவை, திறந்த குப்பி ஒன்று, திறக்காதது ஒன்று. திறக்காததை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். மோர் மாதிரி இருக்க வேண்டியது திரிந்த பால் மாதிரி இருந்தது. சின்னச் சின்னத் துணுக்குகள் மிதந்தன.

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு குப்பியும் கை தவறி உடைந்தது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். குப்பி உடைவது எல்லாக் கிடங்கிலும் நடக்கிறதுதான். சுனந்தாவுக்கு விஷயம் தெரியாது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊசிக் காய்ச்சல் என்றே நினைப்பார்கள், ஒரு புகாரும் வராது. கோமதி எனக்கு நன்றிகூடச் சொல்வாள். அந்தப் பதினோரு குழந்தைகளுக்கும் ஊசி போட்டாயிற்று என்று அட்டையில் எழுதியிருக்கும். கக்குவான் இருமல் மட்டும் அட்டையைப் படிக்காது.

மேடம் அறைக்குப் போய் இரண்டு குப்பிகளையும் மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்பியைப் பார்த்தார். திட்டவில்லை. குரல்கூட மாறவில்லை. காலையில் வாசலில் நின்று கேட்பது போலவே கேட்டார்.

"கிதி?"

"அக்ரா" என்றேன். பதினொன்று.

"கண்ணால பார்த்து முடிவு பண்ணக் கூடாது" என்று எழுந்தார். குளிர்பெட்டியிலிருந்து அதே தொகுதிக் குப்பி ஒன்றை எடுத்து, மேலே பெரிய எழுத்தில் "உறைந்தது" என்று மராட்டியில் எழுதி, உறைபெட்டிக்குள் வைத்தார். மறுநாள் காலை அது கல்லாகியிருந்தது. வெளியே எடுத்து முழுக்க உருகவிட்டார். பிறகு அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துப் பதினைந்து எண்ணும்வரை குலுக்கி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்ல குப்பி ஒன்றையும் குலுக்கி மூன்றாவதாக வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். நான், சுனந்தா, மேடம், மூன்று பேரும் மூன்று குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல குப்பி கலங்கலாகவே நின்றது. வேண்டுமென்றே உறைய வைத்ததில் மேலே தெளிந்துகொண்டே வந்து அடியில் வெள்ளையாகப் படிந்தது. அதற்குப் பக்கத்திலேயே, அதே வேகத்தில், என் பெட்டியில் போய்வந்த குப்பியும் தெளிந்தது.

சுனந்தா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் பாத்திருக்கணும், மேடம்."

"ஆமாம், நீங்களும் பார்த்திருக்கணும். இனிமே பார்ப்பீங்க" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "உறைஞ்ச மருந்து விஷம் இல்ல. போட்ட இடத்துல வீங்கலாம், கட்டிகூட வரலாம், அதைக் கவனிக்கணும். ஆனா காப்பாத்தும்னு நம்ப முடியாது. அதனால இந்த ஊசி கணக்கில்ல. நாலு வாரம் கழிச்சு மறுபடி போடணும். நான் மேல எழுதறேன். வீடுகளுக்கு சிஸ்டர் போய்ச் சொல்லட்டும்."

"பதினோரு வீட்டுக்கும் நானும் போறேன் மேடம்."

"எதுக்கு? அங்கயும் பெருமை பேசவா?"

"பெட்டி என்னுது மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா முதல்ல அந்தத் தமிழ் வீட்டுக்குப் போங்க. கஷ்டமான வீட்டைக் கடைசிக்கு வெச்சா கால் போகாது."

சாங்வியில் அந்த மூன்று மாடி ஏறினதுபோல நான் எந்த மூட்டையையும் சுமந்து ஏறினதில்லை. கதவைத் திறந்த கோமதிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"வாங்கண்ணா, வாங்க சிஸ்டர். இந்தத் தடவ காய்ச்சலே வரலீங்க. ராத்திரி நல்லாத் தூங்குச்சு. உங்க பெட்டி ராசியான பெட்டிங்கண்ணா."

"உக்காரும்மா. அந்தப் பெட்டியப் பத்தித்தான் பேச வந்தேன்."

சொன்னேன். ஐஸ் பேக்கைப் பற்றி, அவசரத்தில் புதிதாக எடுத்தது பற்றி, மூன்று குப்பி பற்றி. அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து எதிரில் நின்றாள். உட்காரவில்லை.

"அப்ப எம் புள்ளைக்குப் போட்டது என்னங்க? தண்ணியா?"

"தண்ணி மாதிரின்னு வெச்சுக்கம்மா. விஷம் இல்ல, குத்துன எடம் வீங்குதான்னு மட்டும் பாத்துக்கணும். ஆனா காப்பாத்தாது."

"மொதல் தடவ அழுதுச்சு, காஞ்சுது, நான் பயந்துட்டுக் கெடந்தேன். இந்தத் தடவ சிரிச்சுட்டு இருக்குது. கெட்டது இதுதாங்கறீங்க."

"ஆமாம்மா. காய்ச்சல் வந்தா கெட்டது, வரலன்னா நல்லதுன்னு அதுல ஒண்ணும் இல்ல. மொதல் ஊசி நல்ல மருந்து, அத எங்க மேடம் பாத்துட்டாங்க. ரெண்டாவது என் கையில போச்சு."

"உங்க பேச்ச நம்பித்தானுங்க வந்தேன்."

"அதனாலதான் நானே வந்தேன்."

முதல் தடவை அந்த வீட்டில் எவ்வளவோ பேசியிருந்தேன். பிரபு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். அவர்தான் கேட்டார்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

கோமதி சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சுனந்தா என்னைப் பார்த்தாள், கிளம்பிவிடலாமா என்று. அப்போது கோமதி காபியோடு வந்தாள். தம்ளரைக் கொஞ்சம் ஓசையோடுதான் வைத்தாள்.

"வெறும் பேச்சு இனி வேண்டாங்கண்ணா. நாலு வாரம் கழிச்சு வர்றேன். பெட்டிய எங் கண்ணு முன்னாடி தொறக்கணும். அந்த டப்பா ஆடுற சத்தத்த நாங் கேக்கணும். கேட்டாத்தான் புள்ளையக் குடுப்பேன்."

அப்படியே செய்தாள். முகாமில் பெட்டியைத் திறந்து ஒரு ஐஸ் பேக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக் குலுக்கினாள். இன்னொரு தடவை குலுக்கினாள். பிறகு குழந்தையின் தொடையைச் சுனந்தாவுக்குக் காட்டினாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு மராட்டி அம்மாள், "என்ன அது, நானும் பார்க்கிறேன்" என்று கை நீட்டினாள். அன்றைக்கு அந்த டப்பா எத்தனை கை மாறியது என்று தெரியாது. ஒரு நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். யாழினிக்கு அன்று காய்ச்சல் வந்தது. கோமதி போனில் சொன்னாள், பயப்படாமல்.

அன்றைக்குப் பத்துக் குழந்தைகள் வந்தார்கள். பதினோராவது வரவில்லை.

அது ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் பையன். சாங்வியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். நான் போய்ச் சொன்னபோது தலையாட்டிய அம்மாள், அதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டிருந்தாள். கணவனுக்குச் சாகணில் வேலை கிடைத்துவிட்டதாம். போன் நம்பர் வேலை செய்யவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை சாகணுக்கு பஸ் ஏறினேன். அந்த ஊருக்கு முடிவே கிடையாது. எங்கே பார்த்தாலும் தொழிற்சாலை, லாரி, புதுப் புது வாடகை அறைகள். கைக்குழந்தையோடு வந்த புதுக் குடும்பம் உண்டா என்று டீக்கடை டீக்கடையாகக் கேட்டேன். சிரித்தார்கள். அங்கே எல்லாக் குடும்பமும் புதுக் குடும்பம்.

வெட்கத்தை விட்டு பிரபுவிடம் போய் நின்றேன். அவர் பையனுடைய அப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதி வாங்கிக்கொண்டார். ஐந்து நாள் கழித்து போன் பண்ணினார்.

"அண்ணா, கெடச்சுட்டாங்க. பக்கத்துக் கம்பெனியில பெயின்ட் செக்‌ஷன்ல இருக்காரு. கேன்டீன்காரர்தான் கண்டுபிடிச்சாரு. நாளைக்கு அவருக்கு ஷிஃப்ட் இல்ல, வீட்டுலதான் இருப்பாரு."

மேடம் சாகண் சுகாதார நிலைய டாக்டரிடம் பேசினார். அவர்களே போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நியாயப்படி அதோடு என் வேலை முடிந்தது. ஆனால் நான் விடவில்லை. பெட்டி என்னுது, இது எங்கள் கிடங்கிலிருந்துதான் போகும் என்றேன். மேடம் சலித்துக்கொண்டார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

கரைய வேண்டிய நேரம் முழுக்க மேசை முன்னால் நின்றேன். நாலு டப்பாவையும் தனித்தனியாகக் குலுக்கினேன். மேடம் வந்து, நான் கேட்காமலே, நாலையும் மறுபடி குலுக்கிப் பார்த்தார். எனக்கு அவமானமாகவே இல்லை. வண்டி வேறு வேலைக்குப் போயிருந்தது, அதனால் நானும் சுனந்தாவும் பஸ்ஸில் போனோம். உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் புது நர்சு மறுபடி கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு தடவை ஃபெயில் ஆனது, பதினோரு குழந்தைகள், பதினோரு பேருக்கும் மறுபடி போட்டோம். மற்றப் பெட்டி மருந்தைப் போட்டுக்கொண்டவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தப் பதினோரு பெயரையும் இப்போதும் வரிசையாகச் சொல்வேன்.

சாகண் சாலை அப்போது ஒரே பள்ளம். பஸ் ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் பக்கத்து ஸீட் ஆள் டிரைவரைத் திட்டினார். நான் காதைப் பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே தண்ணீர் களக் களக்கென்றது. இன்னும் நாலு பள்ளம் வரட்டும் என்றிருந்தது.